சட்டைப் பைக்குள் அடங்கிய சைக்கிள்

"வண்டி வாங்கப் போறவன் ரெண்டு அளவு எடுத்துக்கிட்டுப் போகணும்டா. ஒண்ணு, வாசப்படி. இன்னொண்ணு…" என்று எங்கள் சித்தப்பா சொல்வார். லாரி புக்கிங் ஆபீசில் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்த மனிதர். எதைச் சொன்னாலும் பாரம் ஏற்றுகிற தோரணையில்தான் சொல்வார். இரண்டாவது அளவைச் சொன்னபோது சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது, சித்தி கையிலிருந்த விசிறியை அவர்மேல் எறிந்ததும் ஞாபகம் இருக்கிறது, அந்த அளவு என்ன என்பது மட்டும் ஞாபகம் இல்லை. இருபத்தோரு வருஷம் ராட்டர்டாமில் இருந்துவிட்டு, அங்கே நடந்த ஒரு திருமணம் சண்டையே இல்லாமல் முடிந்தும் போய், நாற்பத்தெட்டு வயதில் திரும்பி வந்து வேலங்காட்டில் ஒரு மாடி வீட்டை வாடகைக்குப் பிடித்த நான், அந்தப் பாதி வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் மடக்கு சைக்கிள் வாங்கப் போனேன்.

வேலங்காடு, செங்கல்பட்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் பாதையில், விரைவு வண்டிகள் கண்டுகொள்ளாமல் கடந்து போகும் ஒரு சின்ன ஸ்டேஷன். அந்த வருஷம் புதுப் பிளாட்பாரம் கட்டுவதற்காக சைக்கிள் ஸ்டாண்டை எடுத்துவிட்டார்கள். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு மூன்றரை கிலோமீட்டர். அந்தப் பக்கம் பீச் ஸ்டேஷனில் இறங்கினால் தங்கசாலைத் தெருவில் இருக்கும் என் ஆபீசுக்கு இரண்டு கிலோமீட்டர். ஆபீஸ் என்றால், குக்கரோடும் மிக்ஸியோடும் வருகிற சின்னப் புத்தகங்களை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்குகிற இடம். ஆவி முழுவதும் வெளியேறிய பின்னரே மூடியைத் திறக்கவும் என்று நாளைக்கு நான்கு தடவையாவது எழுதுவேன். இரண்டு பக்கமும் மிதித்து, நடுவில் ரயிலில் தூக்கிக்கொண்டு போக ஒரு சைக்கிள் வேண்டும், விலை என் கைக்கு எட்ட வேண்டும். இவ்வளவுதான் என் தேவை.

காலை 8.12 வண்டியில் முன்னாலிருந்து நாலாவது பெட்டியில் வருஷக்கணக்காக ஒன்றாகப் போய்வருகிற சீசன் டிக்கெட்காரர்கள், மிக்ஸி வாங்கினாலும் மாப்பிள்ளை பார்த்தாலும் பெட்டிக்குள் வைத்துப் பேசாமல் முடிவு செய்ய மாட்டார்கள். நான் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது என்றாலும் என் சைக்கிளையும் பேச எடுத்துக்கொண்டார்கள்.

"இருபது இஞ்சு வீல் வாங்குங்க சார். பதினாறு வாங்கினீங்கன்னா சர்க்கஸ் கரடி கணக்கா இருப்பீங்க," என்றார் கஜபதி. கோர்ட்டில் குமாஸ்தா, மடியில் பெட்டியை வைத்து அதன்மேல் சீட்டு விளையாடுவதற்கு எங்கள் பெட்டியின் தலைவர்.

"வெயிட்ட பாருங்க சார் மொதல்ல," என்றார் பானு சிஸ்டர். பீச் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். "ஓவர்பிரிட்ஜ்ல தூக்கிட்டு ஏறப்போறது நீங்கதானே, கஜபதி சார் இல்லையே."

"நான் ஏன்மா தூக்கறேன்? என்னைத் தூக்கவே ஆளில்லை."

ஜன்னலோரம் இருந்த டில்லிபாபு கடைசியாகத்தான் வாய் திறப்பார். பாரிமுனையில் பேப்பர் கடையில் வேலை. மனைவி போய் ஆறு வருஷம். "கீல்தான் சார் முக்கியம். கீல் ஆடிச்சின்னா நடுரோட்ல நாமளே மடங்கிடுவோம்."

நான் இருக்கைக்கு அடியில் குனிந்து சாண் போட்டு அளந்தேன். அகலம் மூன்று சாண், உயரம் இரண்டு சாண் நாலு விரல். சித்தப்பா சொன்ன வாசப்படிக்குப் பதிலாக ரயில் இருக்கையை அளந்துகொண்டேன் என்று அப்போது எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

வேலங்காடு கடைத்தெருவில் அமல்ராஜ் சைக்கிள் மார்ட்டில் மூன்று மடக்கு சைக்கிள்கள் நின்றன. ஒன்று, இறக்குமதி அலுமினியம், பதினோரு கிலோ. தொட்டுப் பார்த்துவிட்டு நகர்ந்தேன். இரண்டாவது, இங்கே செய்த இரும்பு வண்டி, பதினாலு கிலோ, மட்கார்டு, பெல், பின்னால் அகலமான கேரியர். மூன்றாவது, பெயர் எதுவும் எழுதாத மங்கிய பச்சை. கேரியர் கிடையாது, மட்கார்டு கிடையாது, விலை இரண்டாவதில் பாதி.

"கேரியர் இருக்கறதே எடுத்துக்குங்க சார். பின்னாடி ஒரு ஆளு தாராளமா உக்காரலாம்," என்றார் அமல்ராஜ்.

"பின்னாடி உட்கார எனக்கு ஆள் இல்லைங்க," என்றேன்.

அவர் பச்சை சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, இரண்டு எலுமிச்சம்பழத்தை டயருக்கு அடியில் வைத்து, நசுக்கிக்கொண்டு போகச் சொன்னார்.

மறுநாள் காலை பிளாட்பாரத்தில் அதை மடக்கினேன். முதல் மடக்கு நடுக்கீலில். இரண்டாவது, ஹேண்டில்பார் கீழே சாய்ந்தது. மூன்றாவது, சீட்டுத்தண்டு உள்ளே இறங்கியது. அமல்ராஜ் சொல்லிக் கொடுத்தது இந்த மூன்றுதான். ஆனால் என் விரலுக்கு நான்காவதாக ஒரு மடக்கு தட்டுப்பட்டது, அதை அழுத்தினேன், சக்கரங்கள் இரண்டும் அப்பளம்போல் ஒன்றோடொன்று ஒட்டின, அதற்குள்ளே ஐந்தாவது ஒன்று இருந்தது, ஆறாவது இருந்தது, தாளை மடக்குவதுபோல் மடக்கிக்கொண்டே போனேன், 8.12 பிளாட்பாரத்துக்குள் நுழைந்து நின்றபோது சைக்கிள் ஒரு தீப்பெட்டி அளவில் என் உள்ளங்கையில் இருந்தது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினேன்.

"நல்லா அடங்குது சார்," என்றார் கஜபதி, பையை ஒருதரம் தட்டிப் பார்த்துவிட்டு. "எடத்த அடைக்காது. சீட்டு போடட்டா?"

அந்த மாதமே இன்னும் ஏழு பேர் அமல்ராஜிடம் மடக்கு சைக்கிள் வாங்கினார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்கு அடங்கியது, ஒரே மாடல், ஒரே கடை, ஒரே கீல், ஆனாலும் டில்லிபாபு மடக்கினால் சாப்பாட்டுக் கேரியர் அளவு, பானு சிஸ்டர் மடக்கினால் தையல் மிஷின் அளவு. வீட்டில் பதினோரு பேரோடு இருக்கும் கஜபதிக்கோ அது கட்டில் அளவுக்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்றது. போதாததற்கு வழியில் அவர் மனைவி போன் செய்தால் கீல் தானாக விட்டு, எதிரில் நிற்கிறவரின் முழங்காலில் ஹேண்டில்பார் இடித்தது.

ஊர் இதற்குத் தன்னைப் பழக்கிக்கொண்டது. டிக்கெட் பரிசோதகர் ஒருவர் கட்டில் அளவுக்கு லக்கேஜ் சீட்டு கேட்டார். சட்டைப் பையில் இருப்பதற்குக் கேட்க விதி இல்லை என்று புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து விட்டுவிட்டார். வாடகைக்கு வீடு விடுகிறவர்கள், பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஒரு சைக்கிளை மடக்கிக் காட்டச் சொல்லி, சின்னதாக மடங்கினால் சாவியைக் கொடுத்தார்கள். கல்யாணத் தரகர் ஒருவர் அதற்கு நேர்மாறாக, சின்னதாக மடக்குகிற பையன்களின் ஜாதகத்தைக் கட்டிலிருந்து உருவி அடியில் வைத்தார். ஏன் இப்படி என்று இரண்டு பேரையும் கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. அரிசியைக் கையில் அள்ளியதும் பழசா புதுசா என்று தெரிவதுபோல, அவர்களுக்குத் தெரிந்தது.

பிறகு ஒரு நாள் கஜபதியின் சைக்கிளை விளையாட்டாக நான் மடக்கிப் பார்த்தேன். அதுவும் தீப்பெட்டியானது. யாருடைய சைக்கிளை நான் மடக்கினாலும் தீப்பெட்டிதான். நான் மடக்கியதைப் பிரிக்கவும் நான்தான் வேண்டும். மற்றவர்களின் விரல் வழுக்கியது. அன்றிலிருந்து காலையில் எட்டு மணிக்குப் பிளாட்பாரத்தில் ஏழு பேர் ஏழு சைக்கிளோடு எனக்காகக் காத்திருந்தார்கள், நான் வரிசையாக மடக்கிப் பையில் போட்டுக்கொண்டேன், பீச்சில் இறங்கி வரிசையாகப் பிரித்துக் கொடுத்தேன், சாயங்காலமும் அப்படியே. "மடக்கறவர் வந்துட்டாரா?" என்று செங்கல்பட்டில் ஏறுகிறவர்கள்கூட ஜன்னல் வழியாகக் கேட்டார்கள். ராட்டர்டாமில் ஒருநாள் நான் வேலைக்குப் போகாவிட்டால், அது மறுநாள் நானே சொல்லித்தான் கூட வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும். இங்கே இரண்டு நிமிஷம் பிந்தினால் ஏழு பேர் படிக்கட்டைப் பார்த்து நிற்கிறார்கள். இதை நான் அன்பு என்று எண்ணிக்கொண்டேன்; முழுக்கத் தவறும் இல்லை.

வேலங்காட்டுக்கு அடுத்ததற்கு அடுத்த நிறுத்தம் பூவரசநல்லூர். 8.12 அங்கே 8.20க்கு வரும், முப்பது நொடி நிற்கும், போகும். அங்கே என் தங்கை செந்தாமரை தன் மகள் மங்கையோடு இருக்கிறாள். ஊர் திரும்பி எட்டு மாதத்துக்கு மேல் ஆகியும் நான் அங்கே இறங்கியதில்லை. அந்த முப்பது நொடியும் பேப்பர் படிப்பேன்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் அவள் கணவர் திடீரென்று இறந்துபோனார். அண்ணன் வரட்டும் என்று அவரை ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள். வெயில் காலம், கரண்டு வேறு போய்ப் போய் வந்தது, பக்கத்து வீட்டில் ஜெனரேட்டர் வாங்கி வைத்து ஒன்றரை நாள். எனக்கு விமானம் கிடைத்தது. பெட்டியும் கட்டிவிட்டேன். பதினேழு வருஷமாக நல்லது எதற்கும் வராதவன் பிணத்துக்கு மட்டும் வந்து நிற்கிறான் பார் என்று யாராவது சொல்லிவிடுவார்களே என்ற வெட்கத்தில், கட்டிய பெட்டியின்மேல் உட்கார்ந்துகொண்டு, பிளைட் கிடைக்கவில்லை என்று போன் செய்தேன். பிறந்த வீட்டுக் கோடிப் புடவையைத் தள்ளாத வயதில் சித்தப்பாதான் கொண்டுபோய்ப் போட்டாராம். அடுத்த வருஷம் அவரும் போய்விட்டார். அதற்கும் நான் வரவில்லை.

புரட்டாசியில் டில்லிபாபுவின் மகள் கைக்குழந்தையோடு அப்பா வீட்டுக்கே வந்துவிட்டாள். மறுநாள் அவர் பழக்க தோஷத்தில் தானே மடக்க, சாப்பாட்டுக் கேரியராக இருந்தது ஒரே ராத்திரியில் பீரோ ஆகிவிட்டது. வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"இன்னாய்யா, பாபு, சைக்கிளு கர்ப்பமா?" என்றார் கஜபதி.

"பேத்தி சார்," என்றார் டில்லிபாபு. அவர் சிரித்து நாங்கள் அன்றுதான் பார்த்தோம். "கெளம்பறப்ப சட்டையப் புடிச்சிக்கினு வுட மாட்டேங்குது."

பானு சிஸ்டர் பீரோவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படியா சங்கதி," என்றார். "வீட்ல நம்மளத் தேடற ஆளு கூடினா, இதுவும் கூடுது போலிருக்கே." சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது. பெட்டியில் இருந்த எல்லோரும், பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே, என் சட்டைப் பையைப் பார்த்தார்கள்.

அப்புறம் இரண்டு நாள் யாரும் என்னைக் கேலி செய்யவில்லை. மூன்றாம் நாள் கஜபதி சீட்டைக் கலைத்தபடி, என் முகத்தைப் பார்க்காமல், "வுடுங்க சார், ஒல்லியா இருக்கறவனுக்குத்தான் ஜன்னல் சீட்டு," என்றார். அப்படியிருந்தும் மணி எட்டு அடித்துவிட்டால் ஏழு சைக்கிளும் என் முன்னால் வந்து நிற்கத்தான் செய்தன.

ஆயுத பூஜைக்கு முதல் நாள், வழக்கம்போல் நாலாம் பெட்டியில் பூஜை. வாசலில் வாழைக்கன்று, கைப்பிடிகளில் மாவிலைத் தோரணம், ஜன்னல் கம்பியெல்லாம் சந்தனம் குங்குமம், பொரியும் கடலையும் பொட்டலம் பொட்டலமாக. அந்த வருஷம் தாம்பாளத்தின் நடுவில் எட்டு தீப்பெட்டி சைக்கிள்களை வரிசையாக வைத்துப் பொட்டு வைத்தார்கள். கற்பூரம் காட்டிக்கொண்டிருக்கும்போதே 8.20 ஆகிப் பூவரசநல்லூர் வந்துவிட்டது. கையில் பேப்பர் இல்லாததால் நான் வெளியே பார்த்துவிட்டேன்.

ஜன்னலுக்கு வெளியே தாமரை நின்றிருந்தாள். கையில் தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் தடவிய பத்திரிகை. சத்துணவு அமைப்பாளர் வேலைக்குப் போகிற அவசரப் புடவைக்கட்டு. தலை பாதிக்குமேல் நரைத்திருந்தது.

"மடக்கறவர் மடக்கறவர்னு ஊரே பேசுது. விசாரிச்சா நீதான்," என்றாள். "மங்கைக்கு நிச்சயம். ஐப்பசி பதினொண்ணு, வெள்ளிக்கிழமை, ஒம்பது மணிக்கு. பையன் வீட்ல தாய்மாமன் யாருன்னு கேக்கறாங்கண்ணா. என்னன்னு சொல்ல?"

தட்டை ஜன்னல் கம்பிக்குள் நுழைக்க முடியவில்லை. பத்திரிகையை மட்டும் உருவி நீட்டினாள்.

"வர்றேன்," என்றேன். வண்டி நகர்ந்தது. அவள் கூடவே நான்கு எட்டு நடந்து வந்து, "வருவேதானே?" என்றாள், அதற்குள் பிளாட்பாரம் முடிந்துவிட்டது.

அடுத்த வேலை நாளில் என் சைக்கிள் தீப்பெட்டிக்கு வரவில்லை. அகராதி அளவில் நின்றுவிட்டது. மற்ற ஏழும் அப்படியே. ஏழு அகராதிகளும் என் ஒன்றுமாக எட்டும் சட்டைப் பையில் எப்படி அடங்கும்? பெரிய துணிப் பை ஒன்றை எடுத்துவந்து தோளில் மாட்டிக்கொண்டேன், தோள் இறங்கியது.

"நல்லதுதானே சார்," என்றார் பானு சிஸ்டர், மெதுவாக.

"நல்லதுதான், யாரு இல்லேன்னா," என்றார் கஜபதி. "இன்னும் பெருசாச்சின்னா நம்ம பொழப்பு என்னாவறது, அத மட்டும் சொல்லுங்க." அவர் தமாஷுக்குத்தான் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் அந்த வாக்கியம் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி என்னோடு பீச் வரைக்கும் வந்தது, அங்கிருந்து ஆபீஸ் வரைக்கும் வந்தது, ஐப்பசி பதினொன்று வரைக்கும் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை காலை, மங்கைக்காக எடுத்த அரக்குப் பட்டுப் புடவையைப் பைக்குள் வைத்துக்கொண்டு, வேட்டி கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ஆபீசுக்கு லீவு சொல்லியிருந்தேன். பெட்டியில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஏன் இத்தனை நாள் இறங்கவில்லை என்று கேட்பார்கள். கேட்டால் ஐஸ் பெட்டியைச் சொல்ல வேண்டிவரும். பிளாட்பாரத்தில் ஏழு பேர் ஏழு சைக்கிளை என்னை நோக்கி நீட்டினார்கள். இன்றைக்கு முடியாது என்று சொல்ல இரண்டு நிமிஷம் இருந்தது. கை பழக்கத்தில் மடக்க ஆரம்பித்துவிட்டது, முதல் மடக்கு, இரண்டாம் மடக்கு, மூன்றாம் மடக்கு, நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

8.20க்குப் பூவரசநல்லூர் வந்தது. பிளாட்பாரத்தில் தாமரை நின்றிருந்தாள், பட்டுப் புடவையில், தலையில் பூ வைக்காமல், ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்துக்கொண்டு. நான் எழுந்து வாசல்வரை போனேன். தோளில் ஏழு பேரின் சைக்கிள் தொங்கியது. நான் இறங்கிவிட்டால் பீச்சில் அவற்றை யார் பிரிப்பார்கள்? பானு சிஸ்டருக்கு டூட்டி தவறும், டில்லிபாபு கடை திறக்க வேண்டும், கஜபதிக்குக் கோர்ட்டு. நியாயமான காரணம்தான். எந்தக் கோர்ட்டிலும் எடுபடும். பிளைட் கிடைக்கவில்லை என்பதைவிட எவ்வளவோ மேலான காரணம். அவள் என்னைப் பார்த்துவிட்டாள். கையைத் தூக்கினாள். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஏழு பேருக்காக, ஏழு பேருக்காக என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன், முப்பது நொடி முடிந்தது, வண்டி நகர்ந்தது, தூக்கிய கையை அவள் எப்போது இறக்கினாள் என்று எனக்குத் தெரியாது.

பீச்சில் பையைத் திறந்து ஏழு சைக்கிளையும் பிரித்துக் கொடுத்தேன். ஏழும் தீப்பெட்டியாக இருந்தன. அடியில் புடவைப் பொட்டலம் தெரிந்தது.

"யாருக்கு சார் பட்டு? வேட்டி வேற," என்றார் பானு சிஸ்டர்.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஐஸ் பெட்டியையும் சொன்னேன். ஆபீஸ் போகிற கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் பிரிந்து போனது.

கஜபதிக்கு முகம் சிவந்துவிட்டது. அதுவரை என்னை சார் என்று மட்டுமே கூப்பிட்ட மனிதர். "யோவ்! தாய்மாமன் மொற செய்யப் போறேன்னு ஒரு வார்த்த சொன்னா, எங்க வண்டிய நாங்க தலைமேல தூக்கினு வர மாட்டமா? நாங்க இன்னா மனுஷனுங்களா, இல்ல உன் சைக்கிளுக்கு ஸ்டாண்டா?"

"திரும்பிப் போங்க சார். இப்ப ஏறினாக்கூடப் பத்தேகாலுக்குப் போயிடலாம்," என்றார் டில்லிபாபு.

"ஒம்பது மணின்னு பத்திரிகைல போட்டிருக்கு," என்றேன். ஒரு குக்கர் புத்தகத்தைச் சரிபார்ப்பவன்போல அதைச் சொன்னேன். பிறகு என் சைக்கிளை எடுக்கப் பைக்குள் கையை விட்டுத் துழாவினேன். அகராதியும் இல்லை, தீப்பெட்டியும் இல்லை. கடைசியில் தையல் ஓரத்தில், வெந்தயம் அளவில், பச்சையாக ஒன்று விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. நகத்தால் கீறிப் பார்த்தேன். பிரிக்க இடம் இல்லை. தங்கசாலைவரை நடந்து போனேன். லீவு போட்ட ஆபீசில் உட்கார்ந்து, ஆவி முழுவதும் வெளியேறிய பின்னரே மூடியைத் திறக்கவும் என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு நாலாம் பெட்டியில் யாரும் என்னிடம் சைக்கிளை நீட்டவில்லை. அவரவர் மடக்கி, தையல் மிஷினும் பீரோவும் கட்டிலுமாக ஏற்றினார்கள். நிற்க இடமில்லாமல், ஒருவர் ஹேண்டில்பாரில் இன்னொருவர் துண்டு மாட்டிக்கொண்டு, முழங்காலைத் தடவிக்கொண்டு, திட்டிக்கொண்டு போனார்கள். எனக்கு மட்டும் ஜன்னல் சீட்டைக் கைக்குட்டை போட்டுப் பிடித்து வைத்திருந்தார்கள்.

நிச்சயம் முடிந்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பூவரசநல்லூரில் இறங்கினேன். வீட்டைக் கேட்டுக் கேட்டுப் போக வேண்டியிருந்தது. தாமரை கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். புடவைப் பொட்டலத்தை எடுத்து வைத்தேன். அதை அவள் தொடவில்லை, தள்ளவும் இல்லை.

"எப்படி நடந்தது?" என்றேன்.

"நல்லா நடந்தது. மாமன் எடத்துல ஒரு செம்பு தண்ணி வச்சு, மேல மாவெல வச்சு முடிச்சிட்டோம். ஐயர் சொன்னாரு, தப்பில்லையாம்."

உள்ளறையில் மங்கை யாரிடமோ போனில் பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்டது. என் சத்தம் கேட்டுத்தான் வெளியே வரவில்லை என்று புரிந்தது.

"அந்த சைக்கிளு எங்க? காட்டேன்," என்றாள் தாமரை.

கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். குனிந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தாள். "இதுவா? வெந்தயமாட்டம் இருக்கு. தொலச்சிருவ." எழுந்துபோய், நிச்சய மோதிரம் வந்த சின்னச் சிவப்பு டப்பாவைக் கொண்டுவந்து, ரோஸ் காகிதத்தின்மேல் அதை வைத்து மூடினாள். டப்பாவை என்னிடம் தரவில்லை, அலமாரியில் வைத்தாள். அது அங்கே பெரிதாகவெல்லாம் இல்லை.

கிளம்பும்போது கேட்டேன். "தாமரை, சித்தப்பா சொல்வாரே, வண்டி வாங்கப் போறவன் ரெண்டு அளவு எடுக்கணும்னு. ஒண்ணு வாசப்படி. இன்னொண்ணு என்ன?"

அவள் சிரிக்கக்கூடாது என்றுதான் இருந்தாள். உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. "பின்னாடி உக்காரப் போறவ இடுப்பு," என்றாள். "அதுக்குத்தானே சித்தி விசிறிய எறிஞ்சா. சித்தப்பா சைக்கிள்ல நீ முன்னாடி பார்ல உக்காருவ. நான் கேரியர்ல, சித்தி மடியில. உனக்கு எப்படி ஞாபகம் இருக்கும், நீ திரும்பியே பார்க்க மாட்டியே." சிரிப்பு நின்றுவிட்டது. "கல்யாணம் தை இருபத்திரண்டு. வர்றதுன்னா மொத நாளே வந்துடு. வராட்டியும் சொல்லிடு. செம்ப வெளக்கி வைக்கணும்."

வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிய பிறகு, குனிந்து அவள் வீட்டு வாசப்படியை சாண் போட்டு அளந்தேன். உயரம் ஒரு சாண், பக்கச் சுவரிலிருந்து கதவு வரைக்கும் ஒன்பது சாண். கதவில் சாய்ந்து நின்றபடி அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் சாயங்காலம் அமல்ராஜ் கடையில், மடக்க முடியாத, இருபத்தொரு கிலோ எடையுள்ள, பின்னால் அகலமான இரும்புக் கேரியர் வைத்த சைக்கிளை வாங்கினேன்; தினமும் காலையில் வேலங்காட்டிலிருந்து பூவரசநல்லூர்வரை அதை மிதித்துக்கொண்டு போய், தாமரை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு, அங்கிருந்து 8.20க்கு ரயில் ஏறுவது என்று முடிவு செய்தேன்.